காற்றாடிக்காரர் பதில்கள்

சென்ற இதழில், வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "விசிறி இல்லாமல் மின்சாரத்தாலேயே காற்றைத் தள்ளலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அரைகுறையாகச் சொன்னால் இப்படித்தான் ஆகும். எனவே இந்தத் தடவை முழுவதும் அதற்கே. மற்றவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டையிலிருந்து, இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி: நீங்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன், சிரித்தார்கள். "பிளாஸ்மா ஆக்சுவேட்டர்" என்று ஒன்று இருப்பதாக எங்கள் பேராசிரியர் மட்டும் தலையசைத்தார். அது எப்படி வேலை செய்கிறது? நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன் மகளே, முகர்ந்தும் இருக்கிறேன். ஓசோன் வாடை இரண்டு நாள் மூக்கை விட்டுப் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு என் மைத்துனர் மகன் தான் வேலை பார்க்கும் கல்லூரியின் உயர் மின்னழுத்த ஆய்வகத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். மேஜைமேல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று. அதன் மேல்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தாமிர நாடா. கீழ்ப்பக்கத்தில் இன்னொரு தாமிர நாடா. ஆனால் நேர் கீழே அல்ல. மேல் நாடா முடிகிற விளிம்பில் கீழ் நாடா தொடங்குகிறது. கீழே உள்ளதன்மேல் காப்பு நாடாவை நாலைந்து சுற்று ஒட்டி மூடியிருந்தான். அவ்வளவுதான் பிளாஸ்மா ஆக்சுவேட்டர் என்கிற கருவி. மொத்தச் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக்காசுகூட இராது. காசெல்லாம் அதற்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியில்தான்.

விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியின் குமிழைத் திருகினான். ஆறு, ஏழு கிலோவோல்ட் வந்ததும் "உஸ்" என்றது. மேல் நாடாவின் ஒரு விளிம்பில் மட்டும், நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில், ஒரு கோடு எரிந்தது. பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கம்பியில் செருகி அருகில் வைத்தான். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை அந்தக் கோட்டுக்கு மேலே வந்ததும் குனிந்தது, கண்ணாடியைத் தொட்டது, தொட்டபடியே ஒரே திசையில் ஓடியது. குமிழை அணைத்தால் புகை மறுபடியும் நிமிர்ந்து மேலே போகிறது. போட்டால் குனிகிறது. இருபத்தாறு வருடம் காற்றாலையில், காற்று இரும்பைச் சுழற்றுவதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். எதுவுமே சுற்றாமல் காற்று ஓடுவதைக் கண்டபோது, ஏதோ ஏமாற்று வேலை என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி விஷயம். காற்று நல்ல மின்காப்பு. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு மூவாயிரம் வோல்ட் அளவுக்கு நெருக்கினால் அதுவும் உடைந்துவிடும். மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து, அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த நிலை வரும். அதுதான் பிளாஸ்மா. கூடங்குளத்திலிருந்து வரும் 400 கிலோவோல்ட் கம்பிகளுக்குக் கீழே சாரல் விழும் நாளில் நின்றால் ஒரு சீறல் கேட்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான். வெறும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே இப்படிச் செய்தால் பொறி பாய்ந்து எல்லாம் முடிந்துவிடும். இங்கே நடுவில் கண்ணாடி இருக்கிறது. எலெக்ட்ரான்கள் வந்து கண்ணாடியின்மேல் படிகின்றன. படிந்தவை புதிதாக வருகிறவற்றை எதிர்க்கின்றன. பொறி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. திரும்பவும் பற்றவைக்க மின்னழுத்தத்தைத் திசை மாற்ற வேண்டும். அதனால்தான் இதற்கு மாறுமின்னோட்டம், அதுவும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறுவது, தேவைப்படுகிறது.

இப்போது நீ கேட்பாய்: திசை மாறி மாறி வந்தால் காற்றும் முன்னும் பின்னும் அல்லவா ஆட வேண்டும்? நல்ல கேள்வி. ஒரு பாதியில் எலெக்ட்ரான்கள் திறந்த உலோகத்திலிருந்து கண்ணாடிக்குப் போகின்றன, மறு பாதியில் கண்ணாடியிலிருந்து உலோகத்துக்குத் திரும்புகின்றன. இரண்டு ஒளிர்வுகளும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று பரவலாக இருக்கும், மற்றது கீற்றுக் கீற்றாக இருக்கும். இரண்டும் கொடுக்கும் தள்ளலும் சமமில்லை. கூட்டிக் கழித்தால் மிச்சம் நிற்பது திறந்த நாடாவிலிருந்து மூடிய நாடாவை நோக்கிய தள்ளல். எந்தப் பாதி அதிகம் தள்ளுகிறது என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

அயனிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, பல லட்சம் மூலக்கூறுகளுக்கு ஒன்று. அது எப்படி மொத்தக் காற்றையும் நகர்த்தும்? மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமை போய் நின்று பார். கயிறு அறுத்துக்கொண்டு பத்துக் காளைகள் ஒரே பக்கமாக ஓடினால் போதும், சந்தையே அந்தப் பக்கம் நகரும். அயனிகள் மின்புலத்தின் இழுப்பில் ஓடுகின்றன, வழியில் உள்ள சாதாரண மூலக்கூறுகளை இடித்துக்கொண்டே போகின்றன. இடிபட்டவை நகர்கின்றன. கண்ணாடியை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு காற்றுத் தாரை பிறக்கிறது.

மின்சாரத்திலிருந்து காற்று பிறப்பது புதுச் செய்தியும் அல்ல. இங்கிலாந்தில் பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ 1709-லேயே, தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயை முகத்தருகே கொண்டுபோனால் இலேசாகக் காற்று படுவதை எழுதிவைத்திருக்கிறார். நான் மேலே சொன்ன, நடுவில் மின்காப்பு வைத்துத் தட்டையாக ஒட்டுகிற வடிவத்தை விமானவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் ரீஸ் ராத். 1998-இல் வந்த அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகுதான் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்க்கும் மற்றவர்களும் இதை ஒரு துறையாகவே வளர்த்தார்கள்.

உன் வகுப்பில் சிரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. அந்தத் தாரையின் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டர், நன்றாகச் செய்தால் ஏழெட்டு. சைக்கிளில் போகிறவன் முகத்தில் படுகிற காற்று அவ்வளவுதான். செலவழிக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் காற்றின் ஓட்டமாக மாறுவதில்லை. மீதியெல்லாம் சூடு, வெளிச்சம், வாடை. காற்றைத் தள்ளும் எந்திரமாகப் பார்த்தால் இதைவிட மோசமான எந்திரத்தை நான் பார்த்ததில்லை. அப்படியானால் ஏன் உலகம் இதன் பின்னால் ஓடுகிறது என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். அந்தக் கண்ணாடி என்ன ஆயிற்று என்றால், கால் மணி நேரத்தில் "பட்" என்று ஒரு சத்தம், குண்டூசி முனையளவு ஓட்டை, இரண்டாகப் பிளந்துவிட்டது. மைத்துனர் மகன் அசரவில்லை. இழுப்பறையைத் திறந்து அடுத்த துண்டை எடுத்தான். உள்ளே அப்படி இருபது இருந்தன.

பணகுடியிலிருந்து, தோட்டத்தைக் காற்றாலைக்குக் கொடுத்தவர்: அண்ணாச்சி, நொடிக்கு ஐந்து மீட்டர் காற்று இங்கே ஆடு கனைத்தாலே வரும். இதைக் காற்றாடி இறக்கையில் ஒட்டப் போவதாக என் மருமகன் சொல்கிறான். ஒட்டி என்ன பிரயோசனம்?

(இவர் முதல் கடிதத்தைப் பார்க்கவில்லை. மருமகன் சொன்ன ஐந்து மீட்டரை வைத்துத் தானாகக் கேட்டிருக்கிறார். எனக்கு வேலை மிச்சம்.)

அண்ணாச்சி, ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்கு வருவீர்கள்தானே? நெல்லையப்பர் தேரை இழுப்பது வடம், ஆயிரக்கணக்கான கைகள். ஆனால் வாகையடி முக்கில் தேர் திரும்புவது வடத்தாலா? சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிற நாலைந்து பேரால். அந்தக் கட்டைக்குத் தேரை இழுக்கும் பலம் கிடையாது. சரியான சக்கரத்தில், சரியான நொடியில் விழுந்தால் போதும். பிளாஸ்மாவை வடமாக நினைத்தால் சிரிப்புத்தான் வரும், சறுக்குக்கட்டையாகப் பாருங்கள்.

இறக்கையின்மேல் காற்று ஓடும்போது, பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் உராய்ந்து உராய்ந்து களைத்துப்போகிறது. 1904-இல் ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில் இதை எல்லைப்படலம் என்று பிரித்துக் காட்டினார். இறக்கையின் முதுகில் கொஞ்ச தூரம் தாண்டியபின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும், அதாவது ஏற்றம். களைத்த காற்று ஏற முடியாமல் நிற்கும், சில இடத்தில் பின்னோக்கியே ஓடும். அந்த நொடியில் மேலே நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றும் இறக்கையை விட்டுப் பிய்ந்துகொண்டு போய்விடும். இதைத்தான் நாங்கள் "ஸ்டால்" என்போம். தூக்குவிசை சட்டென்று விழும்.

இறக்கையின் நுனி நொடிக்கு அறுபது எழுபது மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அதற்கு முன்னால் ஐந்து மீட்டர் எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்பது சரி. ஆனால் அந்த ஐந்தைக் கொடுப்பது அறுபதுக்கு அல்ல, பரப்பை ஒட்டி நின்றே போய்விட்ட காற்றுக்கு. கோடீஸ்வரனுக்குப் பத்து ரூபாய் காசே அல்ல. பஸ்ஸுக்கு இல்லாமல் வண்ணாரப்பேட்டையில் நிற்கிறவனுக்கு அந்தப் பத்து ரூபாயில் வீடே வந்துவிடும். பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், இறக்கையின் முன்விளிம்பருகே தாமிர நாடாவை வைத்தால், களைத்த படலம் ஏற்றத்தைத் தாண்டிவிடும். மேலே உள்ளதும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு சூட்சுமம், எனக்கு மிகவும் பிடித்தது. தொடர்ந்து எரியவிடுவதைவிட விட்டு விட்டு எரிப்பது நன்றாக வேலை செய்கிறது, அதுவும் மிகக் குறைந்த மின்சாரத்தில். காற்றின் வேகத்தை இறக்கையின் அகலத்தால் வகுத்தால் எத்தனை வருகிறதோ, ஏறத்தாழ அத்தனை தடவை நொடிக்கு. ஒரு மீட்டர் அகலம், ஐம்பது மீட்டர் வேகம் என்றால் ஐம்பது தடவை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சின்னச் சுழல் பிறந்து, மேலே ஓடுகிற தெம்பான காற்றைக் கீழே இழுத்துவந்து கொடுக்கிறது. பிளாஸ்மா தானாகத் தள்ளுவதைவிட, பெரியவரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது. ஒலியின் வேகத்தை நெருங்குகிற ஓட்டங்களுக்கு இதிலும் வேறு வகை உண்டு. நானோநொடிக் கணக்கில் ஒரே அடியாக மின்துடிப்பைக் கொடுத்தால் பரப்பருகே காற்று திடீரென்று சூடாகி ஒரு குட்டி அழுத்த அலை கிளம்பும். அங்கே வேலை செய்வது தாரை அல்ல, அந்த அதிர்ச்சி.

இதெல்லாம் கேட்க அருமை. இனி என் அபிப்பிராயம், இது முழுக்க என்னுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கம் நின்ற பழைய காற்றாடிகளில் பல, இறக்கையைத் திருப்ப முடியாதவை. காற்று அளவுக்கு மீறினால் தானாகவே ஸ்டால் ஆகி உற்பத்தியைக் கட்டுப்படுத்தும்படி இறக்கையை முறுக்கி வடித்திருப்பார்கள். அவற்றுக்குப் பிரிந்துபோகும் காற்றுதான் பிரேக். அதில் போய்ப் பிளாஸ்மாவை ஒட்டிக் காற்றைப் பிரியாமல் பிடித்துவைத்தால் ஆடி மாதத்தில் கியர் பாக்ஸ் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். (இறக்கைப் பரப்பில் சின்ன மாற்றமும் இவ்வளவு செய்யும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. வைகாசியில் பூச்சியும் செம்மண் புழுதியும் அப்பி உற்பத்தி இறங்கிக் கிடக்கும் இறக்கை, ஒரு நல்ல சாரலில் கழுவப்பட்டதும் பழைய கணக்குக்கு வந்துவிடும். முன்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அழுக்கு என்ன செய்யும் என்பதைக் கோபுரத்தில் ஏறித் துடைத்தவனிடம் கேளுங்கள்.)

இப்போது நிற்கும் பெரிய காற்றாடிகளுக்குத்தான் இது பொருந்தும். அவற்றில் ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான இறக்கையை மோட்டார் வைத்துத் திருப்புகிறார்கள். அவ்வளவு பெரிய உருப்படி நொடிக்குச் சில பாகைதான் திரும்பும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வருகிற காற்று அவ்வளவு நேரம் காத்திராது. ஒரு வீச்சு வந்து போன பிறகுதான் இறக்கை திரும்பி முடிக்கும். பிளாஸ்மாவுக்கு மில்லிநொடி போதும். அசைந்து தேய்கிற பாகம் இல்லை, அணைத்துவிட்டால் வெறும் நாடா, காற்றுக்குத் தடையே இல்லை. இந்த ஒரு குணத்துக்காக அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் நாளைக்கே ஒட்டச் சொன்னால் ஒட்ட மாட்டேன். இறக்கையின் முன்விளிம்பு மணலும் மழையும் சேர்ந்து அரிக்கிற இடம். ராதாபுரம் பக்கம் கடல் உப்பு வேறு. ஈரம் படிந்தால் அந்த நாவற்பழக் கோடு திட்டுத் திட்டாக அணைந்துவிடும், நீர்ப்படலமே இருந்தால் எரியவே எரியாது. நமக்குக் காற்று அடிப்பதே சாரலோடுதான். சுற்றுகிற தலைக்குள் பல ஆயிரம் வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரிலேயே உயரமான இடத்தில் இறக்கை நெடுகத் தாமிரத்தை ஒட்டி இடியை விருந்துக்கு அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. இடியை இறக்கத் தனிக் கம்பி இறக்கைக்குள்ளேயே இருக்கிறது, அது வழிவிட்டு நாடாவில் பாய்ந்தால் என்ன செய்வது? விரல் நீளத்தில் சின்னச் சின்னத் துடுப்புகளை இறக்கையின் முதுகில் ஒட்டுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். மின்சாரமே இல்லாமல், தெம்பான காற்றைக் கீழே கொண்டுவரும் இதே வேலையைத்தான் அவை செய்கின்றன. அணைக்க முடியாது என்பதுதான் குறை. இன்றைக்கு என் காசு துடுப்புக்குத்தான்.

மருமகன் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பதிலுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து, அப்பளம் இடும் அம்மா ஒருவர்: மழைக்காலத்தில் உள்ளே காயப்போட்டு விசிறி போட்டால் அப்பளம் பறந்து ஓரம் மடிகிறது. மெல்லிசாகக் காற்று வரும் என்றால் எங்களுக்கு இது ஆகுமா?

உங்கள் கேள்வியில் விஷயம் இருக்கிறது அம்மா. மின்காற்றால் காய்கறித் துண்டுகளையும் பழங்களையும் உலர்த்துவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. பண்டத்தின் மேல் படிந்து நிற்கும் ஈரக்காற்றை மட்டும் கிளப்பிவிடுகிறது, சூடு ஏற்றுவதில்லை. அது மின்காப்பால் மூடிய நாடா அல்ல, மெல்லிய கம்பியிலிருந்தோ ஊசியிலிருந்தோ கிளம்பும் காற்று. பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஓசோன் மூடிய அறையில் தேங்கினால் நெஞ்சை எரிக்கும். ஈரக் கையோடு பல ஆயிரம் வோல்ட் பக்கத்தில் வேலை செய்ய முடியாது. விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், சுவரில் பட்டுத் திரும்பும் காற்று அப்பளத்தைத் தூக்காது. என் அம்மா செய்தது அதுதான்.

மேலப்பாளையத்திலிருந்து, கடை வைத்திருப்பவர்: வளையம் மட்டும் இருக்கும், இறக்கை இருக்காது, காற்று வரும். அந்த விசிறி பிளாஸ்மாதானே?

இல்லை. அடிப்பாகத்தைக் கழற்றினால் மோட்டாரும் குட்டி இறக்கையும் உள்ளே உட்கார்ந்திருக்கும். உத்தரவாத அட்டை முடிந்த பிறகு கழற்றுங்கள்.

காவல்கிணற்றிலிருந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவன்: இதை வைத்து விமானம் ஓட்ட முடியுமா? மகேந்திரகிரியில் செய்வார்களா?

ஓட்டிவிட்டார்கள் தம்பி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் பாரெட்டும் குழுவினரும் செய்தார்கள், 2018 நவம்பரில் செய்தி வெளிவந்தது. இறக்கை முனைக்கு முனை ஐந்து மீட்டர், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் மெல்லிய கம்பிகள், பின்னால் சிறகு வடிவத் தகடுகள், நடுவே 40,000 வோல்ட். உள்விளையாட்டு அரங்கு ஒன்றுக்குள் சுமார் 60 மீட்டர் பறந்தது. உன் பள்ளி மைதானத்தைத் தாண்டாது. ஆனால் சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லாமல், எரிபொருள் எரிக்காமல், தன் பேட்டரியைத் தானே சுமந்து பறந்தது. நான் முதல் பதிலில் சொன்ன நாடா இதில் இல்லை, ஆனால் அயனி காற்றை இடிப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிப்பது எரிபொருளை எரித்துப் பின்னால் உமிழும் எஞ்சின்கள். காற்றே இல்லாத இடத்துக்குப் போகிறவை. இடிக்கக் காற்று இல்லாவிட்டால் நம் கருவி வெறும் நாடாதான்.

வள்ளியூரிலிருந்து, பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருவர் (ஒரே அஞ்சலட்டையில்): பழைய விளம்பரப் பலகையின் மின்மாற்றி ஒன்று கிடைத்திருக்கிறது. தாமிர நாடாவும் வாங்கிவிட்டோம். எப்படி இணைப்பது என்று படம் போட்டு அனுப்புங்கள்.

அனுப்ப மாட்டேன். அந்த மின்மாற்றி ஆளைக் கொல்லும். கூட வேலை செய்த ஒருவர் இதைவிடக் குறைந்த அழுத்தத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, மைத்துனர் மகன் மாதிரி ஆய்வகமும் நிலத்தொடர்பும் இடதுகையைப் பைக்குள் வைத்துக்கொள்கிற பழக்கமும் உள்ள ஒருவரைத் தேடச் சொல்லுங்கள்.

அதுவரை இதைச் செய்யுங்கள். மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி. அதற்கு முன்னால், மறைக்கிறபடி, உருண்டையான கண்ணாடிப் பாட்டில். பாட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஊதினால் அந்தப் பக்கத்துச் சுடர் அணையும். காற்று பாட்டிலின் வளைவை ஒட்டிக்கொண்டே சுற்றிப் போகிறது. பிறகு பாட்டிலை எடுத்துவிட்டு அதே அகலத்தில் சதுரமான பிஸ்கட் டப்பாவை வைத்து ஊதுங்கள். காற்று எந்த மூலையில் பிய்ந்துகொள்கிறது என்பதை ஊதுபத்திப் புகையை வைத்துக் கண்டுபிடித்து, அந்த மூலைக்கு எவ்வளவு முன்னால் தாமிர நாடா ஒட்ட வேண்டும் என்று படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை அஞ்சலட்டை வேண்டாம், உறையில் வையுங்கள். சென்ற தடவை மழையில் பாதி எழுத்து கரைந்துதான் வந்தது.